சாவிக்கொத்துல தொங்குற சமாச்சாரம்

தீசிஸ் எழுத வேண்டிய நேரத்துல பதிவு எழுதுறவன் உருப்பட்டதா சரித்திரம் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா போன வாரம் ஊர்ல இருந்து புதுசா வந்து இறங்கின ஜூனியர் பையன் ஒருத்தன் கேட்ட கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. இறக்கி வெச்சாத்தான் அடுத்த வேலை ஓடும்.

"அண்ணே, பாக்கெட்டுல வெச்சுக்கிற மாதிரி ஒரு மல்டிடூல் வாங்கலாம்னு இருக்கேன். இது எப்படிண்ணே?"ன்னு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பிளையர், ரெண்டு கத்தி, ரம்பம், அரம், ஆணி புடுங்கறது, ஆளைத் தவிர எல்லாம் உள்ள மடங்கியிருக்கு. கிட்டத்தட்ட கால் கிலோ. பெல்ட்டுல மாட்டிக்க தோல் உறை வேற இலவசம். பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்கினதும் அதே ஜாதிதான். அதனால பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கப்பா வயர்மேன். திண்டுக்கல் பக்கம். அவர் சட்டைப் பையில பேனா இருந்து நான் பார்த்ததில்லை. டெஸ்டர் இல்லாம பார்த்ததும் இல்லை. மஞ்சப் பிடி, உள்ளுக்குள்ள பொட்டு மாதிரி ஒரு நியான் பல்பு. கரண்ட் இருக்கான்னு பார்க்க, ஸ்க்ரூ கழட்ட, பெயிண்ட் டப்பா மூடியை நெம்ப, கதவுத் தாழ்ப்பாள் சிக்கினா குத்தி விட, மத்தியானம் சும்மா இருக்கும்போது முதுகு சொறியன்னு எல்லாத்துக்கும் அதான். கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போனாலும் பையில டெஸ்டர் எட்டிப் பார்க்கும். அம்மா தலையில அடிச்சுப்பாங்க. அங்கேயும் சீரியல் செட் எரியலைன்னு யாராவது வந்து அவரைத்தான் கூப்பிடுவாங்க, அது வேற விஷயம்.

தாத்தா கதை வேற. அரைஞாண் கயித்துல முள்வாங்கி தொங்கும். பார்த்திருக்கீங்களா? ஒரு வளையத்துல முள்ளு புடுங்குற இடுக்கி, குத்தி எடுக்குற ஊசி, காது குடையுற குச்சி, மூணும் சேர்ந்து கோத்திருக்கும். கருவேலங்காட்டுல செருப்பில்லாம நடக்குற மனுசனுக்கு வேற என்ன வேணும்? ஆத்தா சுருக்குப்பையில பாக்குவெட்டி. பாக்கு வெட்டும், நூல் வெட்டும், வம்பு பேச வந்தவங்களைப் பார்த்து சும்மா ரெண்டு தரம் 'டக் டக்'குன்னும் வெட்டும். இன்னும் பின்னாடி போனா ஓலையில எழுதினவங்க கையில மடக்கெழுத்தாணி. எழுத ஆணி, ஓலை வார சின்னக் கத்தி, ரெண்டும் பிடிக்குள்ள மடங்கிடும். அதாவது, ஒரு சாமானுக்குள்ள நாலு சாமானை மடக்கி வெச்சுக்கிறது சுவிஸ்காரங்களுக்கு மட்டும் தோணின யோசனை இல்லைங்கறேன்.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. இவங்க யாருமே 'எது பெஸ்ட்'டுன்னு தேடி வாங்கலை. தினம் என்ன வேலை வந்துச்சோ அதுக்கு ஒண்ணு வெச்சிருந்தாங்க. தாத்தாவுக்கு டெஸ்டர் தேவைப்படலை. அப்பாவுக்கு முள்வாங்கி தேவைப்படலை.

எனக்கு என்ன தேவைப்பட்டுச்சு? அதை நான் என்னையே கேட்டுக்கவே இல்லை. இங்கிலாந்து வந்து நாலே மாசம். ரூமுக்கு வந்த மேசையை நானே மாட்டினேன், சைக்கிள் பிரேக்கை நானே முறுக்கினேன், அந்தப் பெருமையில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூடியூப்ல அமெரிக்காக்காரங்க பாக்கெட்டைக் காலி பண்ணி மேசை மேல பரப்பி வைக்கிற வீடியோவா பார்த்துத் தள்ளினேன். டார்ச், பேனா, கத்தி, பிளையர்னு வரிசையா அடுக்கிக் காட்டுவாங்க பாருங்க, அப்பாவோட டெஸ்டர் அதுக்கு முன்னாடி ரொம்ப ஏழையாத் தெரிஞ்சது. பகுதி நேர வேலையில வந்த காசுல செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி பெல்ட்டுல மாட்டியாச்சு. கத்தியைத் திறந்தா 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும். திறந்த இடத்துலயே பூட்டிக்கும், கை மேல மடங்காது. அந்தச் சத்தத்துக்காகவே பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் திறந்து திறந்து மூடுவேன். நினைச்சாலே இப்ப வேர்க்குது.

அப்புறம் லண்டன்ல ஒரு தமிழ்ப் பாட்டுக் கச்சேரி. பெரிய அரங்கம். நாங்க அஞ்சு பேர் ஷெஃபீல்ட்ல இருந்து கோச் புடிச்சு நாலு மணி நேரம் உக்காந்து போனோம். வாசல்ல சோதனை. எனக்கு முன்னாடி போனவன் சாவிக்கொத்துல நெயில் கட்டர், அதுல குட்டிக் கத்தி வேற. ஒரு பார்வை பார்த்துட்டு விட்டுட்டாங்க. அடுத்து நான். செக்யூரிட்டியா நின்னவர் அறுபது வயசு இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, உது என்ன இடுப்பில?"

"பிளையர் அங்கிள்."

"கழட்டித் தாங்கோ, பாப்பம்."

கொடுத்தேன். வாங்கி, ஒவ்வொண்ணா விரிச்சு, கடைசியில கத்தியைத் திறந்தார். டக்.

"உங்களுக்கு ஏன் உது?"

"சும்மா அங்கிள்... வீட்டு வேலைக்கு."

"கொன்சேட்டில என்ன வீட்டு வேலை தம்பி?"

பின்னாடி நின்ன நம்ம சிங்கங்க நாலும் சிரிச்சுது. அவர் சிரிக்கலை. குரலைத் தாழ்த்தி, "இது பூட்டுப்படுற கத்தி. வெளியில கொண்டு திரியக் கூடாது. அங்க நிக்கிற பொலிஸ் கண்டா உங்கட விசாவுக்குத்தான் பிரச்சினை. இந்தப் பெட்டிக்குள்ள போட்டிட்டு உள்ள போங்கோ. பிறகு வந்து கேக்காதேங்கோ"ன்னார்.

போட்டேன். அறுபது பவுண்டு. அன்னைக்கு மேடையில என்ன பாட்டு பாடினாங்கன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லை. நாலு மாசமா நான் அதை இடுப்புல கட்டிக்கிட்டு எங்கெங்க போனேன்னு மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தது. லைப்ரரி, சூப்பர் மார்க்கெட், ஸ்டேஷன், கோயில். ஒரு தடவை வழி கேக்க போலீஸ்காரர் கிட்டயே போய் நின்னிருக்கேன்.

திரும்பி வந்து சட்டத்தைத் தேடிப் படிச்சேன். (வாங்குறதுக்கு முன்னாடி படிக்கணும். தெரியுது, விடுங்க.) 1988ல வந்த குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. பொது இடத்துல கூர்மையான, வெட்டுற எதையும் வெச்சிருக்கக் கூடாது. ஒரே விலக்கு, மடக்குற பாக்கெட் கத்தி. அதுவும் வெட்டுற விளிம்பு 3 இன்ச்சுக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. சரி, என்னோடதும் மடக்குறதுதானே, 3 இன்ச்சுக்குள்ளதானேன்னு நானும் நிம்மதியா மூச்சு விட்டேன். அங்கதான் ஆப்பு. திறந்ததும் பூட்டிக்கிற கத்தி இந்த விலக்குல வராதுன்னு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. எப்பவும் சும்மா அழுத்தினாலே மடங்கணும். பூட்டை விடுவிச்சு மடக்க வேண்டியிருந்தா அது 'மடக்குற கத்தி' கணக்குல சேராது. கூடவே பிளையர் இருக்கு, ஸ்க்ரூடிரைவர் இருக்குங்கறதெல்லாம் கத்தியோட பாவத்தைக் கழுவாது.

அப்படி வெச்சிருந்தா 'நல்ல காரணம்' காட்டணும். வேலைக்கு, மதத்துக்கு (சீக்கியங்களோட கிர்பான்), தேசிய உடையோட பாகமா (ஸ்காட்லாந்துக்காரங்க காலுறையில சொருகிக்கிற கத்தி) இதெல்லாம் சட்டமே சொல்ற காரணங்கள். காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. முடியலைன்னா அதிகபட்சம் 4 வருஷம் உள்ள. அந்தப் பெரியவர் கேட்ட "உங்களுக்கு ஏன் உது?"ங்கற கேள்வி இருக்கே, அது சட்டத்தோட கேள்வி. அவர் யாழ்ப்பாணத் தமிழ்ல கேட்டார், அவ்வளவுதான்.

ஜூனியர் பையன் கிட்ட நானும் அதையே கேட்டேன். "எதுக்குடா உனக்கு?" கொஞ்சம் தயங்கி, "லேப்ல இருந்து ராத்திரி தனியா நடந்து வரணும்ணே, ஒரு பாதுகாப்புக்கும் ஆச்சு"ன்னான். இங்கதான் எனக்குக் கோபம் வந்துடுச்சு. தம்பி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாயில இருந்து விட்ராதே. தற்காப்புக்குன்னு சொல்லிட்டா, பூட்டாத ரெண்டு இன்ச் கத்தி கூட ஆயுதம் ஆயிடும். இந்த நாட்டுல பதினாறு, பதினேழு வயசுப் பசங்க கத்திக்குத்துல சாகுற செய்தி வந்துக்கிட்டே இருக்கு. அதுல நிறைய பசங்க 'பாதுகாப்புக்கு'ன்னு வெச்சுக்கிட்டவங்கதான். போலீஸும் கோர்ட்டும் இதை விளையாட்டா எடுத்துக்காதுங்க, எடுத்துக்கவும் கூடாது. ராத்திரி பயமா இருந்தா எனக்குப் போன் பண்ணு, பேசிக்கிட்டே நடந்து வா. பல்லு புடுங்கின பாம்பு மாதிரி ஒரு கத்தியை நீட்டி நீ யாரை மிரட்டப் போறே? நீட்டினதும் அது உன் கையிலதான் மடங்கும்.

நான் குடியிருக்கிற ஊரைப் பத்தியும் சொல்லணும். ஷெஃபீல்ட் கத்தி ஊரு. நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி, இங்க கத்தி. பதினாலாம் நூற்றாண்டுல சாஸர் எழுதின கதையிலயே ஷெஃபீல்ட் கத்தி வருது. கத்தி செய்யுறவங்களுக்குன்னு 1624ல பார்லிமென்ட் சட்டம் போட்டு ஒரு சங்கம் வெச்சுக் கொடுத்திருக்கு. 1913ல ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கினதும் இங்கதான். சுவிஸ்ல இபாக்ங்கற ஊர்ல கார்ல் எல்செனர் 1884ல ஆரம்பிச்ச பட்டறை, 1921ல அந்தத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினப்போ, அம்மா பேரான விக்டோரியாவோட அந்த எஃகோட பேரான இனாக்ஸைச் சேர்த்து விக்டோரினாக்ஸ் ஆச்சு. ஆக, உங்க சிவப்புக் கத்தியோட பேர்ல பாதி, ஷெஃபீல்ட்ல கண்டுபிடிச்ச எஃகைச் சொல்லுது.

இதே ஊர்ல ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1851 லண்டன் பெரிய கண்காட்சிக்காக ஒரு கத்தி செஞ்சுது. நார்ஃபோக் கத்தின்னு பேரு. அதுல 75 அலகும் கருவியும். முத்துச்சிப்பிப் பிடி முழுக்க செதுக்கல் வேலை. வாயைப் பிளந்து பார்க்கலாம். பாக்கெட்டுல போட முடியுமா? குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலதான் தூக்கணும். எனக்கு இப்பல்லாம் இணையத்துல 'முப்பது கருவி, நாப்பது கருவி'ன்னு விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் நார்ஃபோக் கத்திதான் ஞாபகத்துக்கு வருது. எத்தனை இருக்குன்னு எண்ணுறது கண்காட்சிக்குச் சரி.

சரி, மேட்டருக்கு வர்றேன். கத்தியைப் பெட்டியில போட்டுட்டு வந்த பிறகு ஒரு மாசம் எதுவும் வாங்கலை. அதுக்குப் பதிலா நோட்டுப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல கணக்கு எழுதினேன். 'இப்ப ஒண்ணு இருந்தா நல்லாருக்குமே'ன்னு தோணின ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. மாசக் கடைசியில 41 கோடு. அதுல கத்தரிக்கோல் 19, கத்தி 8, ஸ்க்ரூடிரைவர் 7, முள்வாங்கி 5, பிளையர் 2.

கத்தரிக்கோல்! எந்த வீடியோவுலயும் எவனும் கத்தரிக்கோலைப் பத்தி மூச்சு விட்டதில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. பத்து கிலோ அரிசி மூட்டை, வாயில தையல் போட்டிருப்பான். சரியான முனையைப் புடிச்சு இழுத்தா சர்ருன்னு பிரியும், தப்பான முனையைப் புடிச்சா சாமி கும்பிட்டாலும் பிரியாது. மசாலா பாக்கெட். மாத்திரை அட்டை. சட்டையில தொங்குற நூல். புதுசா வாங்கின துணியில விலைச் சீட்டு. மீசை ஓரம் (முறைக்காதீங்க, இங்க முடி வெட்டுற காசுக்கு ஊர்ல ஒரு குடும்பமே வெட்டிக்கலாம்). அம்மா அனுப்புற பார்சல் மட்டும் கத்திக் கணக்கு. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஒவ்வொண்ணுக்கும் பிரவுன் டேப் பதினாலு சுத்து. எண்ணெய் கசியக் கூடாதாம். பாகிஸ்தான் எல்லையில கூட அவ்வளவு பாதுகாப்பு இருக்குமான்னு தெரியலை.

ஸ்க்ரூடிரைவர் ஏழுல நாலு பிளக்குக்கு. இந்த ஊர் பிளக் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ஃப்யூஸ் இருக்கும், 3 ஆம்ப் இல்லைன்னா 13 ஆம்ப். சாமான் எரியலைன்னா முதல்ல இதைத்தான் பார்க்கணும். ரூம்மேட் ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்த மிக்ஸிக்கு இந்த ஊர் பிளக் மாட்டி, 3 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு, தேங்காய்ச் சட்னி அரைச்சு ஊதித் தள்ளிட்டான். சுவத்துல இருந்து பிடுங்கிட்டு, திறந்து, சரியான ஃப்யூஸ் மாத்திக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷம் நான் எங்கப்பா புள்ளையா இருந்தேன். மீதி மூணுல ஒண்ணு மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூ.

பிளையர் ரெண்டு தடவையும் சைக்கிளுக்கு. சைக்கிள் வீட்டு வாசல்ல நிக்குது. டூல் பாக்ஸ் வீட்டுக்குள்ள இருக்கு. அதை எதுக்கு நான் லைப்ரரிக்குச் சுமக்கணும்?

இங்க பிளையர் ரசிகர் மன்றம் சண்டைக்கு வரும். 'பிளையர் இல்லாதது மல்டிடூலே இல்லை'ம்பாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. டிம் லெதர்மேன் 1975ல பொண்டாட்டியோட ஒரு பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா சுத்தும்போது, வண்டியும் ரிப்பேர், தங்கின ஓட்டல்ல குழாயும் ரிப்பேர். கையில பாக்கெட் கத்தி இருந்துச்சு, ஆனா தவிச்சது பிளையருக்கு. ஊர் திரும்பி வருஷக்கணக்கா உக்காந்து செஞ்சு, 1983ல விக்க ஆரம்பிச்சார். அவர் கதைக்குள்ளயே பதில் இருக்கு பாருங்க. ஓட்டை வண்டி வெச்சிருந்தார், அதனால பிளையர். உங்ககிட்ட ஓட்டை ஃபியட் இருக்கா? இருந்தா பிளையர் வாங்குங்க, வண்டியிலயே போட்டு வைங்க. எங்கிட்ட இருக்கிறது பஸ் பாஸ்.

சாவிக்கொத்துல மாட்டுற அளவுக்குச் சின்னதுன்னு பார்த்தா நாலஞ்சுதான் தேறும். லெதர்மேன் ஸ்குவர்ட்டுன்னு ஒண்ணு இருந்தது. பிளையரும் கத்தரியும் சேர்ந்து ஐம்பத்தாறு கிராம்தான். எல்லாரும் கொண்டாடினாங்க, கம்பெனி நிறுத்திட்டாங்க. இப்ப பழசு கிடைச்சாலும் விலை கேட்டா மயக்கம் வரும். கெர்பர் டைம்ல பிளையரும் கத்தரியும் உண்டு, பிளாஸ்டிக் பேக்கிங் கிழிக்கத் தனியா ஒரு குட்டி அலகும் உண்டு, அது நல்ல யோசனை. அறுபது கிராமுக்கு மேல, சாவியோட சேர்ந்து ஜீன்ஸ் பையைக் கீழ இழுக்கும். லெதர்மேன் மைக்ரா 1996ல இருந்து வருது. பிளையர் இருக்க வேண்டிய இடத்துல முழு நீளக் கத்தரிக்கோல். இந்த அளவுல இதைவிட நல்ல கத்தரி நான் பார்த்ததில்லை. ஆனா எதை எடுக்கணும்னாலும் ரெண்டு பிடியையும் விரிச்சு உள்ள நோண்டணும். 51 கிராம். ரெண்டு நாள் நண்பனோடதை வாங்கி வெச்சுப் பார்த்தேன். மனசு ஒட்டலை.

கடைசியில விக்டோரினாக்ஸ். 58 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நீளம். கிளாசிக்னு ஒரு மாடல், எல்லாரும் பார்த்திருப்பீங்க. குட்டிக் கத்தி, கத்தரி, நகம் ராவுற அரம், அதோட நுனியில ஸ்க்ரூடிரைவர், பக்கவாட்டுல சொருகின முள்வாங்கி, பல்குச்சி. இருபது கிராம் சொச்சம். இதுல ஸ்டார் ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் தகராறு. அதுக்கு ராம்ப்ளர்னு அண்ணன் மாடல் ஒண்ணு இருக்கு. அதே நீளம், கூட ஒரு அடுக்கு, அதுல பாட்டில் ஓப்பனரும் காந்தம் ஏத்தின ஸ்டார் நுனியும். நான் வாங்கினது அதுதான். ரெண்டு வருஷமா சாவியோட இருக்கு. கத்தி பூட்டாது. விரல்ல ஒரு கணு நீளம் கூட முழுசா இருக்காது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். போன மாசம் கூட லேப்ல சூப்பர்வைசர் கண்ணாடி ஸ்க்ரூ கழண்டு விழுந்தப்போ எடுத்து முறுக்கிக் கொடுத்தேன். "எவ்வளவு அழகா இருக்கு"ன்னார். பெல்ட்டுல இருந்து அந்தப் பழைய பூதத்தை 'டக்'குன்னு விரிச்சிருந்தா மனுசன் ரெண்டடி பின்னாடி போயிருப்பார்.

குறையே இல்லையான்னா, இருக்கு. கத்தரியோட ஸ்பிரிங் சின்னக் கம்பி, எனக்கு ஒரு தடவை ஒடிஞ்சுது, புதுசு வாங்கி மாட்டிக்கலாம். பெரிய ஆப்பிளை வெட்டினா பாதி வரைக்கும்தான் போகும். கேபிள் டையை கத்தியால வெட்ட முயற்சி பண்ணாதீங்க, கத்தி பூட்டாதுன்னு முன்னாடியே சொன்னேன், கட்டைவிரல்ல இன்னும் அடையாளம் இருக்கு. மடங்குற கத்தியில குத்துற வேலை, அழுத்துற வேலை செய்யவே கூடாது. இழுத்து வெட்டுற வேலை மட்டும்தான்.

இதுல கத்தியே எதுக்கு, அதையும் எடுத்துட்டா என்னன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. கத்தி இல்லாம கத்தரி மட்டும் இருக்கிற மாடல் ஏற்கெனவே உண்டு, ஜெட்செட்டர்னு பேரு. 2024ல விக்டோரினாக்ஸ் தலைவரே, பல நாட்டுல கத்திச் சட்டம் இறுகுறதால அலகு இல்லாத கருவிகளை யோசிச்சுக்கிட்டு இருக்கோம்னு சொன்னார். என் கணக்குல கத்திக்கு எட்டு கோடு இருக்கு, அத்தனையும் அம்மா பார்சல். அந்த டேப்பைக் கத்தரியாலயும் வெட்டலாம்தான். ஆனா எனக்கு மனசு வரலை. உங்களுக்கு வந்தா தாராளமா அதை வாங்குங்க, நான் மறுப்பு சொல்ல மாட்டேன்.

விமானம் ஏறும்போது மட்டும் மறந்துடாதீங்க. பிரிட்டன்ல 6 சென்டிமீட்டர் வரைக்கும் பரவாயில்லைம்பாங்க, ஆனா கடைசி வார்த்தை அங்க நிக்கிறவரோடது. அமெரிக்காவுல 2013 மார்ச்சுல சின்னக் கத்தியை அனுமதிக்கறோம்னு அறிவிச்சு, விமான ஊழியர்கள் எதிர்த்ததும் ஜூன்ல வாபஸ் வாங்கிட்டாங்க. நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரியே சாவிக்கொத்துல இருந்து கழட்டி பெரிய பெட்டியில போட்டுடுங்க. நானும் ஒரு தடவை மறந்து, கூடையில கிடந்த நூத்துக்கணக்கான நெயில் கட்டர்களோட என்னோடதும் சேர இருந்தது. வரிசையை விட்டு ஓடி வந்து, வழியனுப்ப வந்தவன் கையில கொடுத்துட்டுப் போனேன்.

ஜூனியர் பையனுக்கு இதெல்லாம் சொன்னேன். முகத்துல ஏமாத்தம். "இவ்வளவு சின்னதாண்ணே?"ன்னான். ஒரு மாசம் கோடு போட்டுட்டு வாடான்னு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன். பையன் சமையல்ல இறங்கியிருக்கான், பிளையர் கோடு அதிகமா விழுந்தா குக்கர் மூடிதான் காரணம்னு புரிஞ்சுக்குவேன். இதைப் படிக்கிற கனடா, ஜெர்மனி, சிங்கப்பூர் மக்கள் எல்லாம் உங்க ஊர்ச் சட்டம் என்ன, உங்க சாவிக்கொத்துல என்ன தொங்குதுன்னு பின்னூட்டத்துல ரெண்டு வரி போட்டுட்டுப் போங்க. ஒரு நாட்டுச் சட்டம் இன்னொரு நாட்டுல செல்லாது, நான் சொன்னது இங்கிலாந்துக்கு.

பி.கு: போன தடவை ஊருக்குப் போனப்போ அப்பாவுக்கும் ஒரு ராம்ப்ளர் வாங்கிட்டுப் போனேன். திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தார். கத்தரியை வெச்சு வேட்டி நூல் ஒண்ணு வெட்டினார். முள்வாங்கியை இழுத்துப் பார்த்து, "ஐயா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு"ன்னார். எல்லாத்தையும் பொறுமையா மடக்கி, சட்டைப் பையில டெஸ்டர் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டார்: "எல்லாம் சரிப்பா. இதுல கரண்ட் இருக்கான்னு எப்படிப் பார்க்குறது?"